யார்டின் உயரம்

ஜனவரி 9

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். முதலில் நீ செய்த தவறு.

நாம் பேசி முடித்த உயரம் நாற்பத்திரண்டு அங்குலம். தரையிலிருந்து தண்டவாளத்தின் மேல்பரப்பு வரை. நீ உன் மகள் வீட்டுக்குக் குடிபோன அன்று காலையில், என் மாதிரி ரயில் மேசையின் கிழக்கு முனையில் இரண்டு பேருமாக டேப் பிடித்து அளந்தது. அந்த அளவை மேசைப் பலகையின் அடியில் பென்சிலால் எழுதியது நீ. இப்போது, "யார்டுக்குக் கால் நான்கும் மாட்டியாயிற்று, உயரம் இருபத்தெட்டு" என்று, இங்கே மழை பெய்தது என்பதைப் போல ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். பதினான்கு அங்குலம் பள்ளம். என் மேசையிலிருந்து புறப்படும் வண்டி உன் யார்டுக்குள் எப்படி வரும்? குதித்தா?

வண்டிகளை நிறுத்தி, பிரித்துக் கோக்க ஒரு யார்டு வேண்டும் என்று ஆரம்பித்தவன் நான் இல்லை. நம் மேசையில் ஒரு வட்டப் பாதை, ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். அடுத்த வண்டி வர வேண்டுமானால் நிற்கிற வண்டியைக் கையால் தூக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். "அண்ணா, இது அசிங்கமா இருக்கு. நெஜ யார்டுல முப்பது வருஷம் ஷண்டிங் பாத்தவன் நான். என் கண் முன்னாடி வேகனைக் காதைப் பிடிச்சுத் தூக்காதீங்க" என்று சொன்னவன் நீ. நான்கு லைன் போட்ட யார்டை உன் மகள் வீட்டில் நீ கட்டுவது, கோடை விடுமுறையில் மாப்பிள்ளையின் வேனில் கொண்டுவந்து என் மேசையோடு போல்ட் போட்டு இணைப்பது என்று திட்டம் போட்டவனும் நீ.

நான் எட்டாவது தாண்டாதவன். லிஃப்ட் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தே படித்தவன். ஆனால் எந்த மாடியிலும் என் லிஃப்ட் தரையோடு மட்டமில்லாமல் நின்றதில்லை. ஒரு விரல் கட்டை தப்பினாலும் ஆள் தடுக்கி விழுவான். ரயிலுக்கும் அதே நியாயம்தான்.

நாற்பத்திரண்டு என்பது நின்று ஓட்டும் உயரம். நின்று ஓட்டுகிறவன்தான் ரயில்காரன். உட்கார்ந்து ஓட்டினால் அது பொம்மை. மகள் வீட்டுக்குப் போகிறவன் உட்கார்ந்துவிடுவான் என்று நீ கிளம்பும்போதே சொன்னேன். உட்கார்ந்துவிட்டாய் போலிருக்கிறது.

கால்களை மாற்று. உன் அண்ணிக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. எனக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

இப்படிக்கு,
அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதைச் சுமந்துவந்த தபால்காரருக்குத்தான் கை வலித்திருக்கும். அண்ணியின் மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். நானும்தான்.

இருபத்தெட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பேத்தி, பாப்பாவின் குட்டி, தினமும் வந்து எட்டிப் பார்க்கிறாள். அவள் கண்ணுக்கு எட்ட வேண்டாமா? அதோடு இந்த அறையின் ஜன்னல் தாழ்வு. பலகை உயர்ந்தால் வெளிச்சம் பலகைக்கு அடியில்தான் விழும். கால்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மேசையைக் கொஞ்சம் இறக்கினால்கூட ஆகும். திட்டாதீர்கள், சும்மா கேட்டுப் பார்த்தேன்.

இரண்டு சந்தேகம். உங்கள் வாசல் கதவு உள்ளளவு எத்தனை அங்குலம்? வாசலில் படி இரண்டா, மூன்றா? இத்தனை வருடம் ஏறி இறங்கியும் ஞாபகமில்லை பாருங்கள். பலகை நுழைய வேண்டுமே என்றுதான் கேட்கிறேன்.

முதல் இரண்டு லைனும் ஒட்டிவிட்டேன். இன்ஜின் சத்தமில்லாமல் போகிறது.

உங்கள் தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

உன் மகள் வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்தேன். நலமாகவே இருக்கட்டும்.

குழந்தைக்கு ஒரு ஸ்டூல் போடு. வெளிச்சத்துக்கு ஒரு பல்பு போடு. இரண்டும் சேர்ந்தாலும் என் மேசையை அறுப்பதைவிடச் சுலபம். "கொஞ்சம் இறக்கினால்" என்று எழுதியிருக்கிறாய். என் மேசைக்குக் கால் ஆறு. ஆறும் கெட்டி மரம். அடியில் ஒயர் அத்தனையும் நான் படுத்துக்கொண்டு இழுத்தது. ஒரு மயிரிழைகூட இறக்க மாட்டேன்.

கதவு உள்ளளவு இருபத்தொன்பது. உன் பலகையின் அகலம் பதினெட்டு. சாய்க்காமலே நுழையும். பிறகு எதற்கு அந்தக் கேள்வி? படி எத்தனை என்பது எதற்கு? பலகை படியேறுமா? தூக்கிக்கொண்டு வருகிறவன் ஏறப் போகிறான். உனக்கு எப்போதும் இதே பழக்கம். முக்கியமான இடத்தில் நழுவிவிட்டு, ஓரத்தில் நின்று ஏதாவது கேட்பாய்.

இப்படியெல்லாம் எழுதுகிறேனே என்று உன் அண்ணிக்கு வருத்தம். "போன்ல ரெண்டு வார்த்தை பேசித் தீத்துக்கிட்டா என்னவாம்?" என்கிறாள். போனில் எனக்குக் காது கேட்காது, உனக்குப் பொறுமை இருக்காது. அளவு என்றால் காகிதத்தில் இருக்க வேண்டும்.

யார்டின் படம் ஒன்று அனுப்பு. பக்கத்தில் நீ நின்றுகொண்டு எடுத்தது. உன் உயரம் எனக்குத் தெரியும். அதை வைத்து மற்ற அளவையெல்லாம் நானே கண்டுபிடித்துக்கொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரியில் கண் விழித்து ஒட்டாதே.

அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நீங்கள் தினமும் தபால்பெட்டியைத் திறந்து மூடியிருப்பீர்கள், அதன் கீல் தேய்ந்திருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணியும் நீங்களும் சுகந்தானே? இங்கே குறையொன்றும் இல்லை. சளி பிடித்திருந்தது, அதனால்தான் எழுதவில்லை.

படம் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை அவசரத்தில் எடுத்தார். "நில்லுங்க மாமா" என்று சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை. வேலை செய்துகொண்டிருந்தபடியே எடுத்துவிட்டார்.

நான்கு லைனும் முடிந்தன. முதல் லைன், வந்து சேரும் வண்டிக்கு. இரண்டும் மூன்றும் பிரித்துக் கோக்க. நான்காவது, எங்கள் யார்டில் சிக் லைன் என்போமே, பழுதான வேகன்களை ஒதுக்கி நிறுத்துவது, அது. அதன் கடைசியில் முட்டுக்கட்டை வைத்து மூடிவிட்டேன். தடம் மாற்றும் மூன்றாவது பாயிண்டில் வேகன்கள் தடம் புரண்டுகொண்டே இருந்தன. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் பாயிண்டின் நாக்கு நுனியில் ஒரு துளி பசை. நகத்தால் சுரண்டினேன், சரியாகிவிட்டது. பாயிண்டுகளைத் தள்ளி இழுக்க நீங்கள் சொன்னபடி சைக்கிள் கம்பிதான் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் பழைய சைக்கிள். அவருக்கு இன்னும் தெரியாது.

ஷண்டிங் செய்யும்போது பழைய வாசனையே வருகிறது, அண்ணா. இருபது வேகனைப் பிரித்துக் கோத்து முடித்தால் மனசு அமைதியாகிறது. அப்போது வேறு எதுவும் தோன்றுவதில்லை.

படி எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை.

உங்கள் தம்பி


மார்ச் 18

பாப்பாவுக்கு,

உன் பெரியப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமென்று நம்புகிறேன். நான் உனக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உன் கல்யாண விஷயத்தில் நான் பேசியது எதையும் திரும்ப எடுத்துக்கொள்வதற்காக எழுதவில்லை. அது வேறு.

உன் அப்பா அனுப்பிய படம் வந்தது. மேசையில் வைத்து, லென்ஸ் பிடித்து அரை மணி நேரம் பார்த்தேன். பாயிண்டுகளின் வளைவு சரி. லைனுக்கு லைன் இடைவெளி சரி. "கெட்டிக்காரன்தான், உயரத்தில்தான் கோணல்" என்று உன் பெரியம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். திருப்பித் தரவில்லை.

"இந்த நாற்காலி என்ன நாற்காலி?" என்றாள்.

"எந்த நாற்காலி?"

"அவர் உக்காந்திருக்கிறது. தோளுக்குப் பின்னாடி பாருங்க, ரெண்டு பக்கமும் கைப்பிடி."

"ஏதோ ஆபீஸ் நாற்காலியா இருக்கும்."

"ஆபீஸ் நாற்காலியைப் பின்னால இருந்து யாராவது தள்ளுவாங்களா? இந்த வெயில் காலத்துல மடியில போர்வை எதுக்கு? நீங்க பலகையைப் பாத்தீங்க. நான் ஆளைப் பாத்தேன்."

அதற்குப் பிறகு நானும் ஆளைப் பார்த்தேன். பலகைக்கு நேராக உட்காரவில்லை. பக்கவாட்டில் திரும்பி, இடுப்பை முறுக்கி, ஒரு கையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறான். சுவரில் குளியலறைப் பக்கம் ஒரு பளபளப்பான கம்பி தெரிகிறது. புதிதாக அடித்தது.

உன் பெரியம்மா போன் செய்யும்போதெல்லாம் "எல்லாரும் நல்லா இருக்கோம் பெரியம்மா" என்று சொல்லியிருக்கிறாய். நான் கேட்பது ஒரே கேள்வி. என் தம்பி நடக்கிறானா?

பதிலை என் பெயருக்குப் போடு.

பெரியப்பா


மார்ச் 25

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் பயந்தேன். பிறகு அழுதேன். யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்திருக்கிறது எனக்கே.

இல்லை பெரியப்பா. அப்பா நடக்கவில்லை. நவம்பரில் எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் விழுந்தார். யார்டுக்குப் ப்ளைவுட் வாங்கிக்கொண்டு வந்தவர், பலகை கண்ணை மறைத்ததில் ஒரு படி தப்பிவிட்டது. முதுகெலும்பில் அடி. பலகைக்கு ஒரு கீறலும் இல்லை, அதைத்தான் முதலில் கேட்டார். ஒரு மாதம் கட்டிலிலேயே இருந்தார். பிறகுதான் சக்கர நாற்காலி வந்தது.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் கேட்டேன், "ஏம்ப்பா, பெரியப்பாகிட்ட மறைக்கணும்?" "உக்காந்துடுவேன்னு சொன்னாரும்மா. உக்காந்துட்டேன்னு நான் எப்படி எழுதுவேன்?" என்றார். உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் ஆபரேஷன். நடக்கவைக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. வலி குறையலாம், கொஞ்சம் நேராக உட்காரலாம், அவ்வளவுதான். சரியாகாமல் போனால் உட்காருவதும் கஷ்டமாகலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அப்பா கையெழுத்துப் போட இன்னும் யோசிக்கிறார். இந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் வெட்கத்திலேயே வேண்டாம் என்றுவிடுவார். தயவுசெய்து ஆபரேஷன் முடியும்வரை தெரியாததுபோல் இருங்கள். வந்துவிடாதீர்கள். வழக்கம்போல் திட்டி எழுதுங்கள். உங்கள் கடிதம் வந்த அன்றுதான் அவர் நன்றாகச் சாப்பிடுகிறார்.

அன்புடன்,
பாப்பா


மார்ச் 30

தம்பிக்கு,

சளி விட்டதா? இங்கே வெயில் ஆளை வாட்டுகிறது. நாங்கள் இருவரும் நலம்.

படம் கிடைத்தது. உயரத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் பேசப்போவதில்லை. அது நிலுவையில் இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

வேறொரு தவறு. சிக் லைனின் கடைசியில் முட்டுக்கட்டை வைத்து மூடியிருக்கிறாய். அது எப்படிச் சரியாகும்? ஒரு வேகன் பழுதென்று உள்ளே போகிறது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்து நிற்கிறது. முதல் வேகனின் ரிப்பேர் முடிந்துவிட்டால் அது எந்த வழியாக வெளியே வரும்? முப்பது வருடம் யார்டில் இருந்தவன் இதைச் செய்யலாமா? முட்டுக்கட்டையை எடு. அங்கே ஒரு பாயிண்ட் போட்டு மூன்றாவது லைனோடு சேர். சிக் லைன் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். வாசலில் படி இரண்டு. ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். முன்னால் ஆறடி சிமெண்ட் தரை இருக்கிறது. அதற்கப்பால் தெரு. தெரு மட்டம்தான், மேடு பள்ளமில்லை. வாசலிலிருந்து ரயில் மேசை வரைக்கும் நிலைப்படி எதுவும் கிடையாது. கேட்டாயே என்று சொல்கிறேன்.

எந்தக் காகிதத்திலாவது கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் நன்றாகப் படித்துவிட்டு, போட்டுவிடு. நீ சின்ன வயதிலிருந்தே பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிப்பவன். கேஸ் கம்பெனிக் காகிதத்தைச் சொல்கிறேன். போன வருடம் அதில் தாமதம் செய்து அவதிப்பட்டாயே, அதை.

அண்ணன்


ஏப்ரல் 20

தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நீ கடிதம் போடாமல் இருப்பதும் தவறுதான். கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்டு எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. உன் அண்ணி காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை வாசலுக்குப் போய்வருகிறாள். நான் போவதில்லை. ஜன்னல் வழியாகவே தபால்பெட்டி தெரிகிறது.

யார்டு எப்படி இருக்கிறது? பாயிண்ட் போட்டாயா? போட முடியாவிட்டால் பரவாயில்லை. போட முடியவில்லை என்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும். மகளை எழுதச் சொன்னாலும் போதும். வண்டி வரவில்லை என்றால் வரவில்லை என்று ஸ்டேஷனுக்குத் தகவல் வர வேண்டாமா? ரயில்வேக்காரர்கள் நீங்களெல்லாம் அப்படித்தானே வேலை பார்த்தீர்கள்?

மேசையில் இரண்டு நாளாக எந்த வண்டியும் ஓட்டவில்லை. ஓட்டினாலும் நிறுத்த இடமில்லை.

அண்ணன்


மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சொல்லச் சொல்லப் பாப்பா எழுதுகிறாள். எழுத்து அழகாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அண்ணா, எனக்கு நிற்க வராது. நவம்பரில் விழுந்தேன். ஏப்ரலில் ஆபரேஷன் ஆயிற்று. வலி குறைந்திருக்கிறது. நேராக உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் தாங்குகிறது. கால்களில் உணர்வு இல்லை, வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சளி என்று எழுதியதெல்லாம் பொய். மன்னியுங்கள் என்று சொன்னால் நீங்கள் இன்னும் கோபப்படுவீர்கள், அதனால் சொல்லவில்லை.

உங்களுக்கு முன்பே தெரியும் என்று பாப்பா இப்போதுதான் சொன்னாள். கேஸ் கம்பெனிக் காகிதம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்கும் சந்தேகம்தான். எங்கள் வீட்டில் கேஸ் கம்பெனிக்காரன் என்னிடம் எதற்குக் கையெழுத்து கேட்கிறான்? ஆனால் நீங்கள் போடச் சொன்னீர்கள், போட்டேன்.

யார்டை வேனில் அனுப்பிவிடுகிறேன். கால்களைக் கழற்றிவிட்டு நாற்பத்திரண்டுக்குப் புதுக்கால் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன உயரம்தான் சரி. ரயில் மேசை நிற்கிறவர்களுக்கானது. நீங்கள் நின்று ஓட்டுங்கள். எப்போதாவது யார்டில் இருபது வேகன் கோத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், போதும். நான் அங்கே வந்து இரண்டு படிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, என்னைத் தூக்க ஆள் தேடவைக்க மாட்டேன். கையால் தூக்குவது அசிங்கம் என்று நானே சொன்னவன்தானே.

பாயிண்ட் போட்டுவிட்டேன். சிக் லைன் இப்போது இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது.

உங்கள் தம்பி


மே 14

தம்பிக்கு,

நீ செய்த தவறுகள் இப்போது மூன்று. உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு மூன்றாவது சேர்ந்திருக்கிறது.

முதல் தவறு, சொல்லாமல் இருந்தது. ஆறு மாதம் நீ உட்கார்ந்திருக்கிறாய். ஆறு மாதமாக நான் நின்றுகொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்ன மரியாதை மிச்சம் இருக்கிறது? நின்று ஓட்டுகிறவன்தான் ரயில்காரன் என்று நான் சொன்னது சரியா தப்பா என்ற விசாரணையை இப்போது யாரும் ஆரம்பிக்க வேண்டாம். சொன்னது சொன்னதுதான். ஆனால் ஒரு வாக்கியத்துக்குப் பயந்து அண்ணனிடம் மறைத்தவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

இரண்டாவது தவறு, இருபத்தெட்டு. அது இன்னமும் தப்புதான். கேள்.

பாப்பாவின் கடிதம் வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு, நான் முன்பு லிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். கீழ்த்தளத்தில் ஒரு சக்கர நாற்காலி சும்மா நின்றது. உட்கார்ந்தேன். வார்டுக்காரர் ஓடிவந்தார்.

"பெரியவரே, பேஷண்ட் யாரு?"

"பேஷண்ட் இல்ல. உயரம் பாக்கணும்."

"டேப்பை வேற கையில வச்சிருக்கீங்க. இது என்ன தையக் கடையா? எந்திரிங்க மொதல்ல!"

"எந்திரிக்க முடியாதவனுக்காகத்தான்யா அளக்கறேன். கொஞ்சம் பேசாம இரு."

"யாருக்கு?" என்றார் அவர். "தம்பிக்கு" என்றேன். அதன் பிறகு டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

அளந்து பார்த்துவிட்டேன். உன் பலகைக்கு அடிச்சட்டம் நான்கு அங்குலம். தண்டவாளம் இருபத்தெட்டில் இருந்தால் சட்டத்தின் அடி இருபத்துநான்குதான். முழங்கால் நுழையாது. இடிக்கும். அதனால்தான் படத்தில் பக்கவாட்டில் திரும்பி, முதுகை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அடிபட்ட முதுகு! இருபத்தெட்டு எங்கிருந்து வந்தது என்றும் கண்டுபிடித்துவிட்டேன். கட்டிலில் கிடந்த மாதத்தில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அளந்திருக்கிறாய். பிறகு நாற்காலி வந்தது, அளவை மாற்றவில்லை. முதலில் எடுத்த அளவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற புத்தி நம் குடும்பத்தில் வேறு யாருக்கும் கிடையாது. உன் அண்ணி இதைப் படித்துவிட்டு ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை.

சரியான உயரம் முப்பத்தொன்று. அப்போது சட்டத்துக்கு அடியில் இருபத்தேழு, முழங்கால் நுழையும். நாற்பத்திரண்டும் இல்லை, இருபத்தெட்டும் இல்லை. உனக்காக நான் இறங்கிவந்தேன் என்று யாரிடமும் சொல்லித் திரியாதே. உன்னையும் மூன்று அங்குலம் ஏறச் சொல்கிறேன்.

என் மேசையின் ஆறு கால்களையும் நேற்று அறுத்தேன். ஒயர்களைக் கழற்றி மாட்டியதுதான் பெரிய வேலை. அறுப்பது சுலபமாக இருந்தது. உன் அண்ணி மேசைக்கால்களைப் பிடித்துக்கொண்டு, "மூட்டு வலிக்குது, கொஞ்சம் தாழ்வா வைங்க, நானும் உக்காந்து பாக்கறேன்னு எத்தனை வருஷமா சொன்னேன்? எனக்காக ஒரு அங்குலம் குறைச்சீங்களா?" என்றாள். ரம்பம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவது தவறுதான் பெரியது. யார்டை மட்டும் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஷண்டிங் ஆள் இல்லாமல் யார்டு எனக்கு எதற்கு? எனக்கு வட்டமாக ஓட்டத்தான் தெரியும். பிரித்துக் கோக்கத் தெரியாது. உன்னைக் கையால் தூக்கப்போவதாக யார் சொன்னது? இருபத்தேழு வருடம் நான் ஆட்களை மாடிக்கு மாடி மட்டமாகக் கொண்டுபோய் நிறுத்தியவன். இரண்டு படிக்கு வழி தெரியாதா எனக்கு?

ஆகவே இனி நடக்க வேண்டியவை.

வாசல் படியின் மேல் சரிவுத்தளம் போடுவது கொத்தனார். சொல்லியாயிற்று, வரும் திங்கள் ஆரம்பிக்கிறார். பன்னிரண்டு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு வேண்டும். முன்னால் இருப்பது ஆறடிதான், அதனால் பாதியில் திருப்பிப் போட வேண்டும். அவர் "இவ்வளவு நீளம் எதுக்குங்க, செங்குத்தா ஆறடியில முடிச்சிடலாமே" என்றார். அவரை அதே நாற்காலியில் உட்காரவைத்து ஏற்றிக் காட்டுவேன். வார்டுக்காரர் ஒரு நாளைக்கு நாற்காலி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வாசல் நிலையைப் பெயர்த்து முப்பத்தாறு அங்குலம் ஆக்குவது தச்சர். பக்கத்தில் நின்று அவருக்கு எரிச்சலூட்டுவது நான்.

குளியலறையில் கம்பி அடிப்பது நான். எந்த உயரத்தில் என்பதை அளந்து எழுதுவது பாப்பா. தோராயமாக எழுதக் கூடாது. அவள் கல்யாணத்தில் நான் பேசியதைப் பற்றி அவள் என்னிடம் நேரில் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். அதற்கும் தயாராக இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். என் மேசைக்கால்களில் அறுத்த துண்டுகளிலிருந்து மூன்று அங்குலக் கட்டை நான்கு. கெட்டி மரம். உன் பலகையின் நான்கு கால்களுக்கும் அடியில் அவற்றைத் திருகாணி போட்டுப் பொருத்துவது மாப்பிள்ளை. ரசமட்டம் வைத்து மட்டம் பார்ப்பது நீ. சைக்கிள் கம்பி விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டியதும் நீதான்.

விடுமுறையில் வேனில் உன்னையும் யார்டையும் சேர்த்துக் கொண்டுவருவது மாப்பிள்ளை. யார்டு பின்னால், நீ முன்னால்.

கிழக்கு முனையில் போல்ட் போடுவது நான். இணைப்பில் தண்டவாளத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, மட்டம் என்று சொல்லவேண்டியது நீ. நீ சொல்லும்வரை வண்டி கிளம்பாது.

முப்பத்தொரு அங்குலத்தில் நின்றுகொண்டு ஓட்டினால் என் முதுகு ஒடிந்துவிடும். ஆகவே எனக்கு ஒரு நாற்காலி வாங்க வேண்டும். வாங்குவது உன் அண்ணி. அவளுக்கும் சேர்த்து இரண்டாக வாங்கிவிடுவதாகச் சொல்கிறாள்.

கடைசியாக, முதல் கடிதத்தில் கேட்டு இன்னும் பதில் வராத ஒன்று. எப்படி இருக்கிறாய்? உண்மையை எழுத வேண்டியது நீ. உன் கையால்.

அண்ணன்